மறிச்சுக்கட்டியின் எண்

புத்தளம்
28.05.2012

அன்புள்ள தங்கச்சி ஜெனிஸ்ராவுக்கு,

றஊப் எழுதுவது. ஒரு மாதமாக உங்களுக்கு அடித்துப் பார்க்கிறேன். மணி போகிறது, பிறகு நின்றுவிடுகிறது. கந்தோர் ஈமெயிலில் எழுதினால் கொழும்பில் பாதிப் பேர் வாசிப்பார்கள். ஆகவே கந்தோர்த் தபால் பை கொண்டுவரும் வான் சாரதி இன்சாபிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். உறையைப் பார்த்து அவன் ஒரு மாதிரிச் சிரித்தான். உத்தியோகக் கடிதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

நாளைக்கு யாரும் கேட்டால் காட்ட வேண்டி வரலாம் என்பதால் தெளிவாகவே எழுதுகிறேன். லைன்களுக்கு வழி காட்டுகிற பெட்டிகளில் மன்னாரில் உங்கள் றவுற்றர், நடுவில் மறிச்சுக்கட்டி, இந்தப் பக்கம் புத்தளத்தில் என்னுடையது. மூன்றும் ஒரே வரிசை. ஒவ்வொன்றும் தன் அயலுக்கு விடாமல் ஹலோ சொல்கிறது, அயல் பதில் சொல்கிறது. பதில் வரும்வரைதான் அயல். தொடர்ந்து சில ஹலோவுக்குப் பதில் இல்லையென்றால் அயல் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, அதனூடாகப் போட்ட ரனல்கள், லைன் போகிற சுரங்கப் பாதைகள், அத்தனையையும் இடித்துவிடும். மன்னார் ஆஸ்பத்திரி, வங்கி, மாவட்டக் கச்சேரி எல்லாவற்றின் லைனும் அந்த ரனல்களுக்குள் போகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சோளகக் காற்றுத் தொடங்கியதில் இருந்து மறிச்சுக்கட்டி விழுகிறது. அந்தியில், பிறகு இரவில், பிறகு விடியப்புறத்தில். பகலில் ஒரு பிரச்சினையும் இல்லை. வெயில் இறங்கியதும் கடல் ஈரம் றேடியோ அலையை வளைக்கிறது, அவ்வளவுதான். அலை திரும்பியதும் றவுற்றரும் திரும்பி வருகிறது. ஆனால் கொழும்புப் பெரியவர் யூலைக் கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார். அதுவரை இப்படியே விழுந்தால் மறிச்சுக்கட்டியில் இருந்து றவுற்றரைக் கழற்றிவிட்டு வெறும் ரவராக, அலைக் கோபுரமாக விடுவார்களாம். வெறும் ரவர் என்றால் எங்கள் ஊருக்கு மேலால் எல்லாம் பறந்து போகும், ஊருக்குள் ஒன்றும் இறங்காது. பள்ளிக்கூடம், மருந்தகம், தபால் கந்தோர் எல்லாம் லைனுக்குக் காத்துக்கொண்டு இருக்கின்றன.

நான் பிறந்த ஊர் அது. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது வெளிக்கிட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து படித்து, அந்த ஊருக்கு றவுற்றர் கொண்டுபோனவன் நான். திரும்பி வந்து பற்றை வெட்டித் தங்கள் கிணறுகளைத் தேடி எடுத்த சனம் அன்றைக்குத் திறப்பு விழாவுக்குப் புதுச் சாரம் உடுத்து வந்தது. வாப்பா பேசினார். அதைக் கழற்றிக்கொண்டு போக நான் விடமாட்டேன்.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். என் பக்கத்தில் காத்திருக்கும் நேரத்தை நீட்டிவிட்டேன். இனிக் கொஞ்ச நேரம் பதில் வராவிட்டாலும் என் றவுற்றர் முடிவு கட்டாது. உங்கள் பக்கத்திலும் நீட்டிவிடுங்கள். கூட்டம் முடியும் வரைக்கும்தான்.

இப்படிக்கு,
றஊப்


மன்னார்
01.06.2012

திரு. றஊப் அவர்களுக்கு,

ஹலோ பாடம் கிடைத்தது. நன்றி. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல் அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

நீட்ட மாட்டேன். மறிச்சுக்கட்டி விழுந்த கையோடு என் றவுற்றர் அதைக் கண்டுபிடித்து, ஆஸ்பத்திரி லைனை மதவாச்சிப் பக்கத்தால் திருப்பிவிடுகிறது. அதனால்தான் அந்த லைன் பிழைக்கிறது. நீங்கள் சொன்னபடி நீட்டினால், செத்துக் கிடக்கும் அயலுக்குள் அந்த லைனைத் தள்ளிக்கொண்டு இருப்பேன். கொழும்புக்குக் கணக்குக் காட்ட நான் அந்தப் பொய்யைச் செய்யமாட்டேன். உங்கள் ஊர் உங்களுக்குப் பெரிதென்றால் என் வேலை எனக்குப் பெரிது.

தொலைபேசியை ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். சித்திரைக் கூட்டத்தில் இந்த விழுகைக்கு மன்னார்ப் பக்கம்தான் காரணம் என்று பெரியவர் சொன்னார். பிறகு என் பட்டத்தைப் பற்றி, அகதி முகாமில் பங்கீட்டு அரிசியோடு சேர்த்துக் கொடுத்த பட்டம் என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை, ஓம், பார்த்தேன். பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டு இருந்தீர்கள். மூன்று றவுற்றரும் ஏறிய அன்றைக்கு, இந்தப் பிள்ளை இல்லாவிட்டால் நடந்திருக்காது என்று இதே ஆட்களுக்கு நீங்கள் சொன்னதில்லையா? அந்த வாய் அன்றைக்கு எங்கே போனது?

அரிசியும் எடுத்தோம், பட்டமும் எடுத்தேன். இரண்டுக்கும் வரிசையில் நின்றோம். அரிசிக்கு அம்மா நின்றா, பட்டத்துக்கு நான் நின்றேன். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

இன்சாபுக்கு உத்தியோகக் கடிதம் என்றே சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்தான்.

ஜெனிஸ்ரா
மன்னார் நிலையப் பொறுப்பாளர்


புத்தளம்
06.06.2012

ஜெனிஸ்ரா,

பெயருக்குக் கீழே பதவியையும் போட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாத பதவியா அது?

அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். மூன்றாவதில் அதை விட்டுவிடுகிறேன். எனக்குப் பேச வரவில்லை. அன்றைக்கு வாய் திறந்திருந்தால் மறிச்சுக்கட்டியை அன்றைக்கே கழற்றியிருப்பார்கள் என்று பயந்தேன். நீங்கள் இதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

வேலைக்கு வருகிறேன். என் பக்கத்தில் எவ்வளவோ நீட்டிவிட்டேன், இருந்தும் விழுகிறது. மறிச்சுக்கட்டி எழும்பி வரும் வரைக்கும் காத்திருக்கச் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். அது வந்த உடனே, வந்துவிட்டது என்று சந்தோசப்படுவதை விட்டு என் றவுற்றர் ரனல்களை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறது. காரணம் உங்கள் பக்கத்து அவசரம்தான் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் நீட்டினால்தான் சரிவரும். றேடியோவைப் பார்த்தேன், அதில் பிழை இல்லை. லைற் பச்சையாகவே நிற்கிறது.

வாப்பா தொலைபேசியில் கேட்கிறார், மகன் நோன்புக்கு முந்தி லைன் வந்துவிடுமா என்று. பள்ளிவாசல் தலைவர் அவர். ரவருக்குக் காணி கொடுத்ததும் அவர்தான், பள்ளிக்குப் பக்கத்துக் காணி. வரும் என்று சொல்லிவிட்டேன். என்ர வாயால் சொன்ன சொல் அது.

ஒரே ஒரு மாதத்துக்கு நீட்டுங்கோ.

றஊப்


மன்னார்
11.06.2012

திரு. றஊப் அவர்களுக்கு,

நீங்களே விடையை எழுதி அனுப்பிவிட்டு, விடை எங்கே என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

ஒரு கதை சொல்கிறேன். மண்டபம் முகாமில் எங்களுக்குச் செக்கிங் இருந்தது. அதிகாரி வந்து பெயர் கூப்பிடும் நேரம் குடும்பத்தில் ஒவ்வொருவரும் நேரில் நின்று ஓம் சொல்ல வேண்டும். இல்லாத ஆளின் பெயரை வெட்டிவிடுவார்கள். அடுத்த நாள் அந்த ஆள் ஓடி வந்து நான்தான் அது என்று நின்றாலும் பழைய பதிவு கிடையாது. முதலில் இருந்து புதிதாகப் பதிய வேண்டும், புது எண், புது அட்டை. திருச்சியில் படிக்கிற காலத்தில் நான் செக்கிங் நாளுக்காகப் பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன். அதனால் ஹலோ என்றால் என்ன என்று எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித்தர வேண்டி இருக்கவில்லை.

ஒவ்வொரு ஹலோவுக்குள்ளும் றவுற்றர் தன் எண் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறது அல்லவா? உயிரோடு இருக்கும் வரை அந்த எண் மாறாது. இடையில் ஒரு தரம் நின்று திரும்ப எழும்பினால் புது எண்ணோடு வரும். புது எண்ணைக் கண்டால் அயல் என்ன நினைக்கும்? ஆள் அதே ஆள்தான், ஆனால் பழைய கதை ஒன்றும் ஞாபகம் இல்லை, ரனலை முதலில் இருந்து கட்டு என்று நினைக்கும். நீங்கள் ஒரு வருசம் காத்திருக்கச் சொன்னாலும் அதைத்தான் செய்யும்.

நான் ஒவ்வொரு விழுகைக்கும் அந்த எண்ணைப் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் மறிச்சுக்கட்டி புது எண்ணோடுதான் வருகிறது. கடல் ஈரம் அலையை வளைக்கும், எண்ணை மாற்றாது. சோளகம் எண்ணை மாற்றாது. உங்கள் றேடியோ லைற் பச்சையாக நிற்பதற்குக் காரணம், றேடியோவுக்குத் தனிப் பற்றரி இருக்கிறது. றவுற்றருக்கு வர வேண்டிய பற்றரி இன்னும் கொழும்பில் இருந்து வரவில்லை. பகலில் சூரியத் தகட்டிலும் மற்ற நேரம் ஜெனரேற்றரிலும் அது ஓடுகிறது.

ஆகவே மறிச்சுக்கட்டியில் யாரோ ஜெனரேற்றரை நிறுத்துகிறார்கள். அந்த றவுற்றருக்குள் நுழைகிற கடவுச்சொல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நுழைந்து, எப்போது எழும்பினாய் என்று அதையே கேளுங்கள்.

ஜெனிஸ்ரா


புத்தளம்
15.06.2012

ஜெனிஸ்ராவுக்கு,

நுழைந்து பார்த்தேன். எழும்பி அதிக நேரம் ஆகவில்லை. நீங்கள் சொன்னது சரி. காற்றில் பிழை இல்லை.

ஆனால் 'யாரோ நிறுத்துகிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த யாரோ யார்? நிலையப் பூட்டின் திறப்பு ஒரே ஒரு ஆளிடம் இருக்கிறது. என் மாமி உம்மு ஸல்மா. மாமா இல்லாமல் தனியாக வந்தவ, முதல் வந்து குடியேறின ஏழெட்டுக் குடும்பத்தில் ஒன்று அவவுடையது. யானைக்குப் பயந்து ரவரடியில் நின்று காவல் காத்தவ. அவவைத்தான் நான் நிலையத்துக்குப் பொறுப்பாக வைத்தேன். தொலைபேசியில் கேட்டேன், மெசின் இடையில் பழுதாகி நிற்கிறதா என்று. ஒரு நாளும் பழுதானதில்லை மகன், நல்லா ஓடுது என்றா. மாமி எனக்குப் பொய் சொல்லமாட்டா.

டீசல் களவு போகிறது என்று நினைக்கிறீர்களா? ஊர்ச் சனம் வயர் இழுக்கிறது என்று நினைக்கிறீர்களா? கொழும்புக்காரரும் இதைத்தான் சொல்வார்கள். குடியேறின சனத்துக்கு நடுவில் சாமான் வைத்தால் இப்படித்தான் என்பார்கள். அதைச் சொல்ல விடாமல் இவ்வளவு நாளும் பிடித்து வைத்திருக்கிறேன். இப்போது மன்னாரில் இருந்து அதே கதை வருகிறது.

நான் போய் மாமியின் முகத்தைப் பார்த்து, நீங்கள் கைவைச்சியளா என்று கேட்கமாட்டேன். கேட்டால் வாப்பா என்னை வாசலில் ஏற்றமாட்டார். சந்தேகம் உங்களுடையது. நீங்களே போய்ப் பாருங்கோ. நீங்கள் வாற நாளை மாமிக்குச் சொல்லி வைக்கிறேன். வருவது எதற்கு என்று சொல்லமாட்டேன்.

றஊப்


மன்னார்
24.06.2012

றஊப் அவர்களுக்கு,

போய் வந்தேன்.

சிலாவத்துறை வரை பஸ், அதற்குப் பிறகு ஓட்டோ. சோளகம் என்னை வீதியில் நிற்க விடவில்லை. வாய் முழுக்க மணல். உங்கள் மாமி திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ரவர் வாசலிலேயே நின்றா. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னப் பிள்ளையா மன்னாரை ஓட்டுறது என்று கேட்டா. பிறகு பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தா. நிலையத்துக்குள் கூட்டிப்போய்க் காட்டினா. அப்படித் துப்புரவாக ஒரு நிலையத்தை நான் கண்டதில்லை. றவுற்றருக்கு மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை. டீசல் பரல்களுக்குப் பூட்டு. வயர் ஒன்றும் வெளியே போகவில்லை. எனக்கே மனம் சுருங்கிவிட்டது, இந்த மனிசியைப் பற்றியா இப்படி எழுதினேன் என்று.

அந்தி வரும்வரை இருந்தேன். ஜெனரேற்றர் ஓடிக்கொண்டு இருக்கிறது, அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. ரவருக்கு அடுத்த வேலி பள்ளி, நான்கு தடிக்கு மேல் தகரம். உள்ளே இருந்து மோதினார் ஜுனைதீன் வெளியே வந்தார், நல்ல வயது. காதில் கையை வைத்தார். உங்கள் மாமி கையில் இருந்த கிளாஸை வைத்துவிட்டு விறுவிறு என்று போய் ஜெனரேற்றரை நிறுத்தினா.

சத்தம் அடங்கியது. அவர் அந்தித் தொழுகைக்கு, மஃரிப்புக்குப் பாங்கு சொன்னார். காற்று அதைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொண்டு போனது, இருந்தும் வயல் பக்கத்தில் நின்ற ஆட்கள் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். நான் என்னை அறியாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டேன். முடிந்ததும் மாமி போய்த் திரும்பவும் இயந்திரத்தைப் போட்டா. உள்ளே றவுற்றர் அப்போதுதான் கண் விழித்தது.

றஊப், உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். அந்திக்கு மஃரிப், இரவுக்கு இஷா, விடியலுக்கு ஸுபஹ். பகலில் வருகிற லுஹருக்கும் அஸருக்கும் சூரியத் தகடு வேலை செய்கிறது, ஜெனரேற்றர் சும்மா கிடக்கிறது, நிறுத்த வேண்டிய தேவை இல்லை. ஐந்தில் மூன்றுதான் விழுந்தது. அதனால் நேரம் தவறாமல் தொழுகிற உங்களுக்கும் பிடிபடவில்லை.

முன்பெல்லாம் நிறுத்தவில்லையாமே, இப்போது ஏன் என்று கேட்டேன். மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மோதினாருக்கு வயசு போட்டுது மகள். காத்து ஒரு பக்கம், மெசின் ஒரு பக்கம். காத்தை நிப்பாட்ட எனக்கு ஏலாது."

நீங்கள் இயந்திரம் பழுதாகி நிற்கிறதா என்று கேட்டீர்கள். அவ இல்லை என்றா. பொய் சொல்லவில்லை. இயந்திரம் பழுதாகவில்லைதானே.

பிறகு நான் அவவுக்கு விளங்கப்படுத்தினேன். இந்தப் பெட்டியும் மன்னார்ப் பெட்டியும் ஓயாமல் ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டு இருக்கின்றன, கூப்பிட்டதற்குக் குரல் வராவிட்டால் மற்றது இல்லையென்று எழுதிவிடும், திரும்பி வந்தாலும் முதலில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்றேன். உடனே பிடித்துக்கொண்டா. அப்ப நான்தான் ஒவ்வொரு நாளும் அதைக் கொல்லுறனா என்று கேட்டு முகத்தைப் பொத்திக்கொண்டா. அழுகிறா என்று நினைத்து நான் கிட்டப் போனேன். அழவில்லை. கையை எடுத்துவிட்டு நேராகச் சொன்னா:

"றஊப் என்ர பிள்ளை மாதிரி. ஆனா நான் நிப்பாட்டாமல் விடமாட்டன். புத்தளத்தில இருந்த காலமெல்லாம் மற்ற ஊர்ப் பள்ளியின்ர பாங்கைக் கேட்டனாங்கள். இது எங்கட பாங்கு. அதுக்கு மேலால ஒரு மெசின் கத்தக் கூடாது."

அவவின் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் ஆட்களைப் பற்றி நான் நினைத்தது பிழை. எண்ணைப் பற்றி நினைத்தது சரி. இரண்டையும் எழுதிவிட்டேன்.

ஜெனிஸ்ரா


புத்தளம்
28.06.2012

தங்கச்சி,

கடிதத்தை வானுக்குள் வைத்தே வாசித்தேன். இன்சாப் பயந்துவிட்டான், நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நாளுக்கு ஐந்து தரம் கேட்கிற காது என்னுடையது. ஒரு மாதத்துக்கு மேலாகக் கடல் ஈரத்துக்குப் படம் கீறிக்கொண்டு இருந்தேன். கொழும்புக்கு அனுப்பியும் விட்டேன்.

இப்போது வழி தெரியாமல் நிற்கிறேன். மாமியிடம் நிறுத்தாதீங்கோ என்று நான் சொல்லமாட்டேன். சொன்னாலும் அவ கேட்கமாட்டா, கேட்டால் எனக்கு அவமானம். ஜெனரேற்றரை வேறு காணிக்கு மாற்றக் கொழும்பில் அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி வரும்போது றவுற்றர் இருக்காது. பற்றரி கேட்டு எழுதினேன், அடுத்த வருசம் பார்க்கலாம் என்கிறார்கள். உண்மையைச் சொல்லலாம்தான். பாங்குக்காக றவுற்றரை அணைக்கிறார்கள் என்று அந்த மேசையில் சொன்னால் என்ன சிரிப்புச் சிரிப்பார்கள் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? என் மாமியை வைத்து அவர்கள் சிரிக்க நான் விடமாட்டேன். அதைவிட றவுற்றர் போகட்டும்.

அதை எழுதிவிட்டேன், ஆனால் மனம் ஆறவில்லை. அது போகக்கூடாது.

றஊப்


மன்னார்
04.07.2012

றஊப் நானாவுக்கு,

நீங்கள் தங்கச்சி என்று எழுதினால் நானும் அண்ணன் முறைக்கு நானா என்று எழுதலாம்தானே. கேளுங்கோ. எங்கள் குறிச்சியில் அந்தோனியாருக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. போன வருசத் திருநாளுக்குப் புது ஒலிபெருக்கி எடுத்தோம். பழைய பெட்டியும் ஹோர்னும் பலிபீடத்துக்குப் பின்னறையில் சும்மா கிடக்கின்றன. நல்ல பெட்டி. அதன் சத்தத்தில் திருநாளன்று பக்கத்து ஊர் தாராபுரம் வரைக்கும் நித்திரை இல்லை என்று முறைப்பாடு வந்த பெட்டி.

கோயில் மூப்பர் என் அப்பா பெனடிக்ற். அவரிடம் கேட்டேன். எங்கே கொடுக்கப் போகிறாய் என்றார். மறிச்சுக்கட்டிப் பள்ளிக்கு என்றேன். அப்பா தைத்துக்கொண்டு இருந்த வலையைக் கீழே வைத்தார். அங்கே யார் பாங்கு சொல்லுறது என்று கேட்டார். ஜுனைதீன் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சிலாவத்துறையில மீன் கூறின ஜுனைதீனோ? அந்தாள் ஏலம் கூறினால் கடலுக்குள்ள நிக்கிற எனக்கு விலை கேக்கும். அந்தக் குரலுக்குப் பெட்டி தேவையில்லை. வயசு போனபடியால் குடுப்பம்."

இருபத்திரண்டு வருசமாக அப்பா அந்தக் குரலைக் கேட்கவில்லை. நாங்கள் கடலுக்கு அந்தப் பக்கம், அவர்கள் புத்தளத்தில். ஆனால் மறக்கவில்லை. பங்குத்தந்தையிடம் அப்பாவே போய்ப் பேசினார். அவர், கொண்டுபோங்கோ என்றார்.

இனிக் கவனமாக வாசியுங்கோ, இதுதான் விசயம். அந்தப் பெட்டி கரண்டில் வேலை செய்வது. பகலில் சூரியத் தகடு. மஃரிப்புக்கு, இஷாவுக்கு, ஸுபஹுக்கு? ஜெனரேற்றர் ஓட வேண்டும். மாமி அதை நிறுத்தினால் பாங்கும் நின்றுவிடும். நிறுத்தச் சொல்லி இனி யாரும் அவவைக் கேட்டாலும் விடமாட்டா. ஹோர்னைப் பள்ளிக்கு மேலே, இயந்திரத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்கக் கட்டினால் இரைச்சல் அதற்குக் கிட்டவும் வராது. பெட்டிக்கு வேண்டிய கரண்ட் மிகக் கொஞ்சம், கணக்குப் பார்த்துவிட்டேன். அதை எழுத்தில் தருகிறேன், வயர் இழுத்தது களவு என்று யாரும் பிறகு சொல்லக் கூடாது.

இது தானதர்மம் இல்லை. எனக்கு என் அயல் விழக்கூடாது. அதற்காகச் செய்கிறேன் என்று உங்கள் வாப்பாவுக்குச் சொல்லுங்கோ.

ஜெனிஸ்ரா


புத்தளம்
16.07.2012

தங்கச்சி ஜெனிஸ்ராவுக்கு,

நான் கேட்டதும் வாப்பா முதலில் மாட்டேன் என்றுவிட்டார். இரந்து வாங்கின பெட்டியில் பாங்கு சொல்வதா என்று எழும்பிப் போய்விட்டார். நீங்கள் எழுதிய கடைசி வரியைப் போய் வாசித்துக் காட்டினேன். திரும்பவும் வாசி என்றார். பிறகு, அந்தப் பிள்ளைக்கு எங்கட ஆட்களின்ர ரோசம் இருக்கு என்றார். அவர் வாயில் இருந்து அதைவிடப் பெரிய பட்டம் வராது. ஆனால் ஒரு நிபந்தனை. சும்மா வாங்கமாட்டார். இனி உங்கள் அந்தோனியார் திருநாளுக்கு வருசா வருசம் விருந்துக்கு வேண்டிய தயிர் முழுக்க மறிச்சுக்கட்டியில் இருந்து வரும். வேண்டாம் என்று சொல்லிவிடாதீங்கோ, பெட்டி திரும்பி வந்துவிடும்.

ஹோர்னில் வெள்ளைப் பெயின்றால் அந்தோனியார் கோயில் என்று எழுதியிருக்கிறது. ஊர் இளந்தாரிகள் அழிக்க வேண்டுமா என்று கேட்டார்கள். "தந்தவன்ர பேரை அழிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை" என்று வாப்பா சொல்லிவிட்டார். எழுத்தோடுதான் மேலே நிற்கிறது. கட்டின அன்றைக்கு ஜுனைதீன் காக்கா மைக்கைப் பார்த்துக் கொஞ்சம் கோபப்பட்டார், என் குரலில் என்ன குறை என்று. உங்கள் அப்பா சொன்னதைச் சொன்னேன். பெனடிக்ற் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார் பாருங்கோ ஒரு பாங்கு. சோளகம் அடித்துக்கொண்டே இருந்தது, காட்டு ஓரம் வரைக்கும் கேட்டது. மாமி ஜெனரேற்றர் பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்தா, ஒருவரும் கைவைக்கக் கூடாது என்று.

அன்றைக்கு விழவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். காத்திருக்கும் நேரத்தை என் பக்கத்திலும் பழையபடி குறைத்துவிட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி, பொய்ப் பொறுமை வேண்டாம்.

இன்றைக்குக் கூட்டம். பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு, மறிச்சுக்கட்டி நிமிர்ந்துவிட்டது, காற்றுக் குறைந்துவிட்டது போலும் என்றார். என் படத்தையும் புகழ்ந்தார், அந்தக் கடல் ஈரப் படத்தை. இது சரி, றவுற்றர் இருக்கட்டும் என்று கையெழுத்தும் வைத்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

படம் பிழை என்றேன். காற்றுக் குறையவில்லை, கூடியிருக்கிறது என்றேன். அயலின் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, தலைமையகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, மன்னாரில் ஜெனிஸ்ராவுக்குத் தோன்றியது என்றேன். மண்டபம் முகாமில் இருந்து திருச்சிக்குப் போய்ப் படித்தவர், சித்திரையில் இந்த மேசையில் நாங்கள் சிரித்தது அந்தப் பட்டத்தைப் பார்த்துத்தான் என்றேன். நாங்கள் என்றுதான் சொன்னேன். பாங்கு விசயத்தையும் சொன்னேன், மாமியின் பெயரோடு. ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர் கையெழுத்து வைத்த தாளைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு அறிக்கையில் உங்கள் பெயரைப் போடச் சொன்னார், போட்டாயிற்று.

சித்திரையில் சொல்ல வேண்டியதை யூலையில் சொல்லியிருக்கிறேன். பிந்தியதற்கு என்ன செய்வீர்களோ செய்யுங்கோ. நோன்புக்கு முந்தி ஊருக்கு லைன் இறங்கும்.

றஊப்


மன்னார்
22.07.2012

றஊப் நானா,

நீங்கள் அந்த மேசையில் சொல்லாவிட்டாலும் என் பட்டம் பட்டம்தான். ஆனால் சொன்னீர்கள். கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திவிட்டு, அரிசிக்கு நிண்ட காலுக்கு இப்ப நோவு இல்லை என்றா. அப்பா தயிருக்கு ஓம் என்றுவிட்டார். வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் இல்லை அவர்.

நேற்று அந்தியில் என் கந்தோர்த் தொலைபேசி அடித்தது. யாரோ தெரியாத இலக்கம். எடுத்தேன். மறிச்சுக்கட்டித் தபால் கந்தோர் லைன், அதில் உங்கள் மாமி. ஊரில் இருந்து போன முதல் அழைப்பு அதுதானாம். றஊபுக்கு எடுக்காமல் எனக்கு ஏன் எடுத்தீங்கள் என்று கேட்டேன். அவன் வயித்துப் பசியோட இருப்பான், பொறு மகள், ஒண்டும் கதையாதை என்று சொல்லிவிட்டு றிசீவரை வெளியே நீட்டிப் பிடித்தா.

முதல் நோன்பு திறக்கிற பாங்கு. ஜுனைதீன் ஐயாவின் குரல், அதற்குப் பின்னால் சோளகம், எல்லாவற்றுக்கும் அடியில் ஜெனரேற்றர் ஓடுகிற சத்தம். கந்தோரில் நான் தனியாகத்தான் இருந்தேன். சொல்ல வெட்கமில்லை, அழுதேன். குரல் முடிகிற வரைக்கும் திரையில் மறிச்சுக்கட்டி நிற்கிற இடத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

நீங்கள் அடித்தால் இனி எடுப்பன்.

எண் மாறவில்லை, நானா.

ஜெனிஸ்ரா